நின்றபடி

பத்து கந்தோங் லாயத்துத் தகரத்தில் மழை.
கம்பிச் சட்டத்துக்குள் நின்றபடியே
அரைத்தூக்கம் மெலாத்திக்கு.
கீழுதடு தொங்க
தாடைக் கனமெல்லாம் என் தோளில்.

“தேவசேனா, தலையை விட்டுடாதே.”

விலாவில் மூன்று துளை.
ஒன்றுக்குள் கேமரா.
ஆறு வருஷமாய்க் குளிப்பாட்டிய உடம்பின் உட்புறத்தைத்
திரையில் இன்றுதான் பார்க்கிறேன்:
மினுங்கும் குடல் மடிப்புகள்,
அவற்றுக்கு மேலே
தேங்காய்ப் பருமனில் ஒரு சூலகம்.

“இதுதான் கடிச்சிருக்கு,” என்கிறார் டாக்டர் இங்.
முதலாளி தலையாட்டுகிறார்.
திமிர் பிடித்தவள் என்று
போன மாதம்கூட சவுக்கெடுத்தவர்.

துளையை அகட்டி இழுத்து
வாளியில் போட்டார்கள்.
தொப்.
அவளுக்கு ஒரு காது மட்டும் அசைந்தது.

சாயங்காலம்
ஒவ்வொரு புல்லாய்க் கொறிக்கிறாள்.
இனிமேல் கடிக்கவே மாட்டாளாம்.

பழைய தழும்புள்ள கையை
வாயருகே நீட்டிக்கொண்டு
இன்னும் நிற்கிறேன்.