பின்னணி இசை இல்லாமல்

அஞ்சு ரோட்டில் பரோட்டாக் கடைக்கு மேல் என் டிசைன் கடை.
கீழே கொத்துகிற சத்தம்.
பக்கத்து வீட்டு டிவி எட்டு மணிக்குச்
சுவர் தாண்டி வந்துவிடும்.
பார்த்ததில்லை. கேட்டே எல்லாரையும் தெரியும்.

ஆகவே ஜவ்வரிசி ஆலை அருணகிரியை
முதல் நாளே கண்டுகொண்டேன்:
நெஞ்சைப் பிடித்துச் சாய்கிற பெரியவர்,
முந்நூறு எபிசோடாகியும் சாகாதவர்.
"இந்த பில்லே என்னைக் கொன்னுடும்பா."
புதுக் கார் கீழே
வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கொண்டலாம்பட்டி மண்டபத்துக்காரர்
பாதியில் காணாமல் போனார்.
அதே நாற்காலியில் மைத்துனர்.
இனி இவருக்குப் பதில் இவர்.
அவர் சரி சொன்ன பச்சை
இவர் ராசிக்கு ஆகாது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை ரங்கநாயகிக்கு
நான் கொடுத்த வேடம் மாமியார்.
ஒவ்வொரு லோகோவையும் மூன்று முறை திரும்பிப் பார்ப்பாள்,
இடமிருந்து, வலமிருந்து, நேராக.
மூன்றுக்கும் எனக்குள் இடி இடிக்கும்.
"ஏதோ ஒண்ணு குறையுதுங்க."

குறைவதை நிரப்பினேன்.
மயில் வைத்தேன், மயிலை எடுத்தேன்.
பைனல். பைனல் புதுசு.
பைனல் அக்கா சொன்னது.
சத்தியமா பைனல்.
பல்லைக் கடித்துத் தலையாட்டும் மருமகள் வேடத்தை
நானே எடுத்துக்கொண்டது
அப்போது தெரியவில்லை.

ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால்
எந்தத் தொடரும் வெள்ளிக்கிழமையோடு முடிந்திருக்கும்.

பதினேழாவது பைல் திறந்திருந்தபோது கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தியது. சுவருக்கு அந்தப்பக்கம்
யாரோ அழுதுகொண்டிருந்தது நின்றது.
இசையில்லாத அவள் முகம்
சும்மா களைத்த முகமாக இருந்தது.
"என்னங்கக்கா குறையுது?" என்றேன்.
இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"எங்கப்பா பேரு.
பாகம் பிரிச்சப்ப அண்ணன் எடுத்துக்கிட்டான்.
எதிர்க்கடையே அவன்துதானுங்களே."

எதுவும் சேர்க்கவில்லை.
கடைப் பெயரைக் கொஞ்சம் கீழே இறக்கி,
மேலே ஒரு பெயர் அகலத்துக்கு
வெறும் இடம் விட்டேன்.

ஒரே முறை பார்த்தாள்.
"இருக்கட்டும்."

பில்லில் ஐந்நூறு குறைக்கச் சொன்னாள்.
காலியிடத்துக்கெல்லாம் காசா என்றாள்.
குறைத்தேன்.

கரண்ட் வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம்
விட்ட இடத்திலிருந்து
அழத் தொடங்கினார்கள்.