முப்பத்தைந்தில் ஒன்று

பெட்டிப் படத்தில் ரப்பர் மரங்கள், மழை,
ஆளில்லாத சாலை.
புக்கிட் தீமா என்று எழுதவில்லை; எனக்குத் தெரிகிறது.

உள்ளே நூற்று எண்பத்தாறு துண்டுகள்.
சக்கரங்களில் பிசிறில்லை. ஆணித்தலைகள் அற்புதம்.
சங்கிலித் தடம்தான் சோதனை:
இரண்டு கண்ணி குறைகிறது.
ஹேர்டிரையரில் சூடுகாட்டி இழுத்தேன்.

ஒரு தவறு சொல்ல வேண்டும்.
அசல் டாங்கியின் இரும்பு பன்னிரண்டு மில்லிமீட்டர்.
முப்பத்தைந்தால் வகுத்தால் விசிட்டிங் கார்டு.
இந்தப் பிளாஸ்டிக் அதைவிடத் தடிமன்.
அந்த அட்டைதான் உருண்டு வந்து
ஊரைப் பிடித்தது.

பசை வாடைக்கு மதுரவேணி ஜன்னலைத் திறந்தாள்.
பதினோராம் மாடிக்குக் கீழே
ஜொகூரிலிருந்து 170 வருகிறது
அதே சாலையில், நின்று நின்று.

வீரர் பொம்மை ஒன்றே ஒன்று,
இடுப்புவரைதான், கையை நீட்டியபடி.
யாரை நோக்கி என்று குறிப்பேட்டில் இல்லை.

பீரங்கி வாயை அடைத்தே வார்த்திருக்கிறார்கள்.
மெல்லிய துளைப்பான் போதும்.
துளைத்தேன். ஊதினேன்.
இப்போது அலமாரியில் எந்தப் பக்கம் திருப்பினாலும்
வீட்டில் யாராவது எதிரே வருகிறார்கள்.

ஐந்துக்கு நாலு தரலாம்.
பச்சைச் சாயம் தனியே வாங்க வேண்டும்.