காரணம் என்கிற கட்டம்

பங்குனி பிறந்ததும் நகராட்சியிலிருந்து
எனக்கு நாலு சாமான் வரும்:
கோடு போட்ட பதிவேடு,
ஒரு டப்பா கிரீஸ்,
பச்சைப் பெயிண்ட்,
ஒரு சுற்றறிக்கை.

பள்ளி விடுமுறைக்குள் பூங்காவைத் தயார் செய்க,
கைப்பந்து வலை கட்டுக,
நீரூற்றை இயக்குக, என்றிருக்கும்.
நான் வேலைக்கு வந்த வருஷமே
நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது.
தொட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.
இந்த வருஷம் மூன்று.

கடல் முந்நூறு தப்படி.
வாடை ஓய்ந்து கச்சான் இன்னும் எழும்பாத
இந்த இருபது நாளில்தான்
கீழக்கரையில் பெயிண்ட் காயும்.
மற்ற நாளெல்லாம் காற்று
நக்கிக்கொண்டே கிடக்கும்
சறுக்குமரத்தை, கம்பி வேலியை,
என் சைக்கிள் மணியை.

ஒன்றுவிட்டு ஒருநாள்
அந்தோணி இதயத்தின் தண்ணீர் லாரி.
"எங்க தெருவுல இதைக் குடம் பத்து ரூபாய்னு
வாங்கிக் குடிக்கிறோம், நீ புல்லுக்கு ஊத்துற"
என்பான் குழாயை மாட்டியபடியே.
பூவரசுக்கு முக்கால்,
அவன் சீட்டுக்கடியில் இருக்கும் கேனுக்குக் கால்.
இதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இந்த வருஷம் புதிதாக ஒன்று:
அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவே
பெண்கள் நேரம்.
செய்யது மீராள் கொடுத்த மனுவில்
நாற்பத்தேழு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.
ஆண் பணியாளர்கள், காவலர் உட்பட,
வெளியே இருக்க வேண்டும்.
இருந்தேன்.
கேட்டுக்கு முதுகு காட்டி,
ஸ்டூல் போட்டு,
போகிற ஆடுகளை எண்ணிக்கொண்டு.

முதல் வாரம் நடைபாதையில் செருப்புச் சத்தம் மட்டும்.
ஃபிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம்.
இரண்டாம் வாரம்
ஊஞ்சல்.

பிள்ளைகள் ஆடினால்
கிரீச் கிரீச்சென்று அணில் மாதிரிக் கத்தும்.
இது அப்படி இல்லை.
போய், அங்கேயே கொஞ்சம் நின்று,
திரும்பலாமா என்று யோசித்து
வரும் சத்தம்.
"லாத்தா, நீங்க ஏறுங்க."
"போடி, அறுந்துரும்."
பிறகு யாரும் பேசவில்லை.
பிறகு அந்த நீளச் சத்தம்.
அதன் உச்சியில்
ஐம்பது வயசுச் சிரிப்பு ஒன்று.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஆடக் கூடாது
என்று பக்கத்தில் பலகை உண்டு.
எழுதியவன் நான்தான்.
'மேற்பட்டோர்' இடம் பற்றாமல்
கீழே இறங்கி நிற்கும்.

வியாழக்கிழமை
டங்கென்றது.
ஸ்டூல் உருள எழுந்தேன்.
உள்ளே போக உத்தரவில்லை.
ரோட்டைப் பார்த்தபடியே கத்தினேன்:
"யாருக்கும் அடியா?"
மீன்கூடை வைத்து பைக்கில் போனவன்
பிரேக் போட்டு, தன்னையே ஒருமுறை தடவிப் பார்த்து,
இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனான்.
"ஒண்ணும் இல்லண்ணே!"
உள்ளிருந்து ஒரு குரல்.
அப்புறம் நாற்பத்தொன்பது பேரும்
அடக்கி, அடக்க முடியாமல்.

பாங்கு சொன்னதும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.
கடைசியாக மீராள்,
கறுப்பு அங்கியின் பின்பக்கம் மணல் அப்பி.
என் கையில் ஒரு கொக்கியை வைத்தார்.
வாய் பிளந்த கொக்கி, இன்னும் சூடாக.
"பழசா இருந்திருக்கும்."
"ஆமாம்மா, பழசுதான்" என்றேன்.
தை மாதம் வாங்கியது.

பதிவேட்டைத் திறந்தேன்.
பொருள்: ஊஞ்சல் சங்கிலி.
எண்ணிக்கை: ஒன்று.
காரணம் என்கிற கட்டம்
சுண்டுவிரல் அகலம்.
அதை ஒட்டி, அபராதம் என்கிற கட்டம்.
பேனாவை உதறிவிட்டு எழுதினேன்:
உப்புக் காற்று.
தேவை:
வள்ளத்து நங்கூரத்துக்குப் போடுகிற தடிமனில்
நான்கு.

மறுநாள் காலை ஸ்டோர் கிளார்க் போன் செய்தார்.
"என்ன நம்புராஜன்,
பூங்கா பாக்குறியா, துறைமுகம் பாக்குறியா?"
"காத்து பலமா அடிக்குது சார்" என்றேன்.

பூவரசில்
ஓர் இலைகூட அசையவில்லை.