நாலாயிரம் ஹெர்ட்ஸ்

அல் கூஸில், டயர்க் கடைக்கும்
மார்பிள் கிடங்குக்கும் நடுவே
நம்பர் மட்டும் எழுதிய ஷட்டர்.
இதற்கா நூற்றைம்பது திர்ஹாம் என்று
டாக்ஸியில் இருந்தபடியே கேட்டாள் ஷமீலா.
பாண்டின் பேர் போஸ்டரில் அரபியில் இருந்தது.
எழுத்துக் கூட்டிப் பாதி வரை போய்
விட்டுவிட்டேன்.

மூன்றே பேர்.
டிரம்ஸில் ஒருத்தி, வெறுங்காலோடு.
கிதாரைத் தொடை வரை இறக்கிக் கட்டிய நெட்டையன்.
இன்னொருத்திக்கு ஒரு மேஜை, மேஜை நிறைய ஒயர்.
எதை அமுக்கினாலும்
எங்கோ ஒரு கதவு திறந்துகொண்டது.

எனக்குக் காது சோதிக்கிற வேலை.
பகலெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், பஞ்சு வைத்து மூடிய பெட்டிக்குள்
கம்பெனி வேனில் வந்து இறங்குகிறவர்கள்.
சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்க,
எவ்வளவு சின்னதா இருந்தாலும்.
இதை மட்டும் ஐந்து பாஷையில் சொல்வேன்.
வலது காதுக்குச் சிவப்பு வட்டம்,
இடதுக்கு நீலப் பெருக்கல் குறி.
ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கோடு
நாலாயிரம் ஹெர்ட்ஸில்
படி தவறியவன் மாதிரி விழும்.
வெல்டரோ, கிரைண்டரோ, பைலிங் ஆளோ,
எல்லோருக்கும் அதே படி.

முதல் அடி விழுந்ததும்
பையிலிருந்து ஆரஞ்சுத் தக்கைகளை எடுத்தேன்.
ஊருக்கு உபதேசம் செய்கிறவள் ஆயிற்றே.
தக்கைக்குள்ளிருந்து கேட்டால் இசை
பக்கத்து ஃபிளாட் சண்டை:
வார்த்தை புரியாது, கோபம் புரியும்.

நாலாவது பாட்டோ ஐந்தாவதோ.
மேஜைக்காரி ஒரு குமிழைத் திருகத் தொடங்கினாள்.
திருகினாள் திருகினாள்
சத்தம் மெலிந்து ஊசியாகி
ஊசிமுனையாகி
இல்லாமலே போனது.
ஒரு மூச்சுக்கு
ஏசி ஓடுவது மட்டும் கேட்டது.

அப்புறம் தரையே எழுந்து வந்தது.
குதிகால் வழியாக, முழங்கால் வழியாக,
விலா எலும்பெல்லாம் ஷட்டர் தகடாகி அதிர.
அபாயாவின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருத்தி குதித்தாள்.
சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான் ஒரு பையன்.
இதெல்லாம் என்ன கூத்து என்ற ஷமீலா
எனக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
ஸ்பீக்கர் அடுக்கின் ஓரமாக
கறுப்பு டீஷர்ட், கழுத்தில் அட்டை,
இடுப்பில் இன்சுலேஷன் டேப் சுருள்.
தொம்மை மிக்கேல்.
மணப்பாட்டுக்காரர். பிப்ரவரி மாத ஃபைல்.

நான் எந்தச் சத்தமும் கொடுக்காதபோதும்
பட்டனை அமுக்கியவர்.
பயந்தவர்கள் அப்படித்தான்,
மனசுக்குள் எண்ணிக்கொண்டு
மூன்று மூச்சுக்கு ஒரு தரம்.
நம்பகமில்லை, மறுபடி எடுக்கவும் என்று எழுதினேன்.
மறுபடி அந்தக் கம்பெனி வேனில்
வேறு ஆள்தான் வந்தார்.

இங்கே கண்ணை மூடியிருந்தார்.
வலது உள்ளங்கை ஸ்பீக்கர் பெட்டிமேல்,
காய்ச்சல் பார்ப்பது போல.
இடது கை தொடையோரம் தொங்க
கட்டைவிரல் மட்டும்
அமுக்கிக்கொண்டே இருந்தது.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
டிரம்ஸ்காரி குறும்பாக
ஓர் அடியை விழுங்கிய இடத்தில்
அந்த விரலும் நின்றது.

தக்கைகளைப் பிடுங்கி எறிந்தேன்.
தப்புத்தான்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தவர்
என்னைப் பார்த்ததும்
பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.
நிமிர்ந்து நின்றார்.
நான் என்னவோ கத்தினேன், நல்லா இருக்கீங்களா என்றோ
மன்னிச்சுக்கோங்க என்றோ.
அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.
அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

திரும்பும்போது டாக்ஸியில்
என் காதுக்குள் ஒரே ரீங்காரம்.
எத்தனை ஹெர்ட்ஸ் என்று எனக்குத் தெரியும்.
ஷமீலா ஏதோ கேட்டாள்.
காதில் விழாமலே ஆமாம் என்றேன்.
செருப்பு அறுந்துவிட்டதா என்று
கேட்டிருக்கிறாள்.
குனிந்து பார்த்தேன்.
அறுந்துதான் இருந்தது.