தடைக்காலத்தில் நாற்பது விதை

மூன்று முறை போட்டும் முளைக்கவில்லை சங்குப்பூ.
ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

கொதிநீரில் போடணும் என்றார் இரண்டாம் மாடி தேசப்பன்.
மணலியில் பாய்லர் பார்த்தவர்,
அவருக்கு எதற்கும் கொதிநீர்தான்.
புளிச்ச மோர் என்றாள் கோட்டீஸ்வரி, ஊரில் அப்படித்தானாம்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
பிறந்ததிலிருந்து காசிமேட்டைத் தாண்டாதவள்.
ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப்போடும் டெல்லிபாபு மட்டும்
ஒன்றும் பேசாமல்
உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான்.

சித்திரை இரண்டு.
விசைப்படகெல்லாம் கரையில்
தோளோடு தோள் கட்டிக் கிடக்கிறது.
மீனுக்குச் சினை. எனக்கு அறுபத்தொரு நாள் லீவு,
சம்பளமில்லாத லீவு.

நாலு தயிர் கப். தலா பத்து விதை.
பழைய கைலியில் நாலு சதுரம்.
ஒரே ஜன்னல். ஒரே லாரித் தண்ணீர்,
காலையில் ஒரு மூடி, விளக்கு வைத்ததும் ஒரு மூடி.
மார்க்கரில் எழுதினேன்:
சுடு. மோர். தேய்.
நாலாவதில் என்ன எழுத?
அதற்கு நான் ஒன்றுமே செய்யப்போவதில்லை.
ஒன்றும் செய்யாதது ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால்
செய்தது உதவியதா என்று எப்படித் தெரியும்?
சும்மா என்று எழுதினேன்.
டெய்சி அதைப் படித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தேய்ப்பது லேசில்லை.
விதை நழுவுகிறது, நகம்தான் தேய்கிறது.
கறுப்பு போய் வெளுப்பு தெரிந்ததும் நிறுத்தணும்,
ஒரு இழுப்பு கூடினால் உயிரில் பட்டுவிடும்.
கண் இருக்கும் பக்கம் தொடவே கூடாது.
வலை இழுத்த கைக்கு
இவ்வளவு சின்னது பழக்கமில்லை.
ஒன்று தெறித்து மாதா படத்துக்குப் பின்னால் போனது.
பத்து பத்தாக இருக்கணுமே,
பீரோவை நகர்த்தினேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு.
இரண்டாம் நாள்: தேய்த்ததெல்லாம் ஊறிய கடலையாக உப்பி நிற்கிறது.
சுடு, பாதி. மோர், நாறுகிறது.
மூன்றாம் நாள் காற்று திசை மாறி
எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தது.
கப்புகளில் சாம்பல்.
நாலிலும் சமமாக விழுந்ததால்
கணக்கில் சேர்க்கவில்லை.

ஆறாம் நாள் வெள்ளை முனைகள்.
தேய், எட்டு.
சுடு, நாலு. மிச்சம் வெந்துபோனது.
மோரில் பூனைமுடி மாதிரிப் பூஞ்சை.
சும்மா, ரெண்டு.

எட்டு என்றேன் டெல்லிபாபுவிடம்.
"மீதி ரெண்டு?"
அழுத்திட்டேன்.
தேசப்பனிடம் நாலு என்றேன்,
எத்தனைக்கு நாலு என்று அவரும் கேட்கவில்லை.
கோட்டீஸ்வரியைப் பார்த்தால் மாடிப்படி மாறி ஏறுகிறேன்.

பதினோராம் நாள் ராத்திரி
சும்மா கப்பில் மிச்சமிருந்த எட்டையும்
உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்.
போட்டபோது இருந்த அதே கல்.
இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தும்
ஒரு சொட்டு உள்ளே விடவில்லை.
கோபம் வந்தது,
கொஞ்சம் மரியாதையும்.

பிறகுதான் உறைத்தது, மண் இல்லை.
நாலாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது?
துறைமுகத்து மண்ணில் உப்பு.
மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய இடத்தில்
செக்யூரிட்டிக்கு டீ வாங்கிக் கொடுத்து
அரை மூட்டை தூக்கி வந்தேன்.
நான் குளித்துவிட்டு வருவதற்குள்
பதினாலு முளையையும் ஒரே பெயின்ட் டப்பாவில்
நட்டுவிட்டாள் டெய்சி.
எது சுட்டது, எது தேய்த்தது?
"வந்தா சரி" என்றாள்.

இப்போது கடலில் எட்டாம் நாள்.
சிக்னல் இல்லை.
கம்பியைப் பிடித்திருக்குமா, தெரியாது.
சட்டைப்பையில் பீடி தேடிய விரலுக்கு
சொரசொரவென்று அகப்பட்டது
உப்புத்தாள், மடிப்புக்குள் அந்த எட்டு.
இஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து
ஒன்றை எடுத்துத் தேய்க்கிறேன்.
படகு ஆடும்போது நிறுத்தி,
நின்றதும் தேய்த்து.
கண் பக்கம் விட்டு.

டிரைவர் கஜபதி எட்டிப் பார்க்கிறார்:
"இன்னாடா பண்றே?"

சும்மாண்ணே.