பதினேழு

குடவாசலில் என் வாடகை வீட்டின் பின்னால்
துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி.
கோடையில் கால்விரல் நுழையுமளவு வெடிக்கிற களி,
மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற களி.
இதில் எதை வைப்பது என்றேன்.
கனகாம்பரம் வைங்க, முழங்காலைத் தாண்டாது,
வருஷக்கணக்கில் நிற்கும் என்றாள்
பக்கத்து வீட்டு ஹபீபா.
வாசமில்லையே?
வாசமிருக்கிறதெல்லாம் சாயங்காலத்தோடு சரி, இது
ரெண்டு நாள் தாங்கும்.

மணல் இரண்டு சட்டி, மாட்டெரு ஒரு கூடை,
வேரில் புழு முடிச்சுப் போடாமலிருக்க
ஓரத்தில் நாலு செண்டுமல்லி.
பல் தேய்த்தபடி காலையில்
ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விடுவேன்.
இரண்டாம் ரேகைவரை நனைந்தால் போதும்.
விரலுக்குத் தசமப் புள்ளி தெரியாது.

பகலிலும் என் வேலை ஈரம் அளப்பதுதான்.
கொள்முதல் நிலையத்தில்
ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டால் எண் வரும்.
பதினேழுக்குள் என்றால் மூட்டை பிடிப்போம்.
தாண்டினால், காயவைத்துக் கொண்டாங்க.
எங்கே காயவைப்பது என்று கேட்டவர்களுக்குக் காட்ட
என்னிடம் ரோடு ஒன்றுதான் இருந்தது.

புரட்டாசிக் கடைசி. உத்திராபதியின் குறுவை
இருபத்து மூன்று புள்ளி நாலு.
மறுபடி போடுங்க சார் என்றார். போட்டேன்.
இருபத்து மூன்று புள்ளி ஆறு.
அவர் சிரித்துவிட்டார்.
நானும் சிரித்தேன். அது தப்பு.

அன்று ராத்திரி பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை.

செடி அழுகிவிடுமென்று
கடப்பாரையால் மதிலடியில் ஓட்டை போட்டேன்.
தண்ணீர் ஹபீபா வீட்டுப் பக்கம் போனது.
அவள் திட்டியது மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.
கதிரில் காய்ந்து நின்ற காய்கள்
ஈரம் பட்டதும்
சட், சட்டென்று வெடித்தன.
பக்கெட்டில் விதை, துவைக்கும் கல்லில் விதை,
என் பிடரியில் ஒன்று வந்து விழுந்தது.
குடையோடு நின்று
சின்னப் பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்தேன்.

ஆறாம் நாள் ரோட்டோரம்
உத்திராபதி தார்ப்பாயை விலக்கினார்.
குவியல் லேசாகச் சுட்டது.
வெள்ளை வெள்ளையாய் நுனி,
சிலதில் பச்சையே வந்துவிட்டது.
முளைச்சுடுச்சு சார், என்றார்,
என்னைத் திட்டுகிற குரலில் அல்ல,
மெஷினுக்குத் தகவல் சொல்கிற மாதிரி.

ஐப்பசி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
மதிலுக்கு மேலே ஹபீபாவின் தலை.
முளைச்சிருக்கு பாருங்க, எத்தனை!
சோற்றுக் கையோடு நான் உடனே எழவில்லை.

நாற்பதுக்கு மேல் இருக்கும்.
கல்லிடுக்கில், ஓட்டை வழியே அவள் பக்கத்திலும்.
நெருங்கி நின்றால் பூ சிறுத்துவிடும்,
பாதியைக் கழித்துவிடுங்க,
கழிக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே என்கிறாள்,
கிண்டலாகத்தான்.

இன்னும் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை.
விரலை மட்டும் விட்டுப் பார்க்கிறேன்.
ஈரம் இருக்கிறது.
எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.