செருப்புக் காவல்

லிக்கோனியில் அதற்குப் பெயர் மாவு.
சப்பாத்திக்குப் பிசைகிற மாவுக்கும் அதே சொல்தான்.
கடையில் யாருடைய அம்மாவாவது
ஒரு கிலோ மாவு என்று கேட்டால்
எங்கள் பையன்கள் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்கள்.

பத்து வருடம் அதை நரம்பில் ஏற்றியவன் நான்.
இப்போது பள்ளிவாசல் பின்னறையின் சாவி என்னிடம்:
ஆறு பாய், ஒரு கெட்டில்,
கால் ஒடிந்த மேசை, அதைத் தாங்க இரண்டு செங்கல்,
இன்று யார் மருந்துக்குப் போனார், யார் போகவில்லை என்று
கோடு போட ஒரு நோட்டு.
சம்பளம் என்று எதுவும் பேசவில்லை இமாம்.
உண்டியலில் கைவிட்டு
எண்ணாமல் தருவார்.
எண்ணாமல் வாங்க எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

அத்துமானி மழையோடு வந்தான்.
பத்தொன்பது வயது, அறுபதின் பற்கள்.
தெருவுக்கே அவனைத் தெரியும்:
ஜும்ஆவில் எல்லா நெற்றியும் தரையில் இருக்கையில்
வாசலில் செருப்பள்ளிப் போகிறவன்.
ஒரு சுஜூதுக்கு எத்தனை நொடி என்பது
எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத் துல்லியம்.

தினமும் படகேறி அக்கரை போவான்.
நர்ஸ் முவனாகோம்போவின் முன்னால்
குவளை மெத்தடோனைக் குடித்து
வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவான்.
ரமலானில் கேட்டான்,
இது நோன்பை முறிக்குமா என்று.
முறிக்கும் என்றார் இமாம்.
நீயே முறிந்துபோனால்
நோன்பை யார் பிடிப்பது என்றும் கேட்டார்.

ஏழாவது மாதம் யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள்,
செருப்புக்கு இவனையே காவல் வைத்தால் என்ன?
சிரிப்பு ஓயுமுன்
சரி என்றுவிட்டான்.

பால் அட்டையை வெட்டி டோக்கன் செய்தான்.
எண் எழுதினான். நாலு மட்டும் எப்போதும் தலைகீழாக விழும்.
பதினோரு வெள்ளி
ஒரு வார்கூடத் தொலையவில்லை.

பன்னிரண்டாவதில்
இரும்புக்கடை முபாரக்கின் பழுப்புத் தோல் செருப்பைக் காணோம்.

ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
தத்தம் செருப்பை மட்டும்
வழக்கத்தைவிட மெதுவாக மாட்டினார்கள்.

நான் பின்னறைக்குப் போய்
அவன் பையைத் திறந்தேன்.
ஒரு சட்டை. செய்தித்தாளில் சுற்றிய சோப்பு.
பாதி கடித்த மகம்ரி.
கிளினிக் அட்டை. அதில்
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: என் பெயர், என் எண்.
உறவுமுறை என்ற இடத்தில்
வெறும் கோடு.

நிமிர்ந்தால் கதவில் அவன்.
“அடியில் இன்னொரு ஜிப் இருக்கிறது.
அதையும் பார்த்துவிடுங்கள்.”

அங்கேயே நான் மூடியிருக்கலாம்.
பார்த்தேன்.
இத்தனையும் சொன்னது இதைச் சொல்லத்தான்:
கையை உள்ளே விட்டு, தையல்வரை தடவிப் பார்த்தேன்.

தன் டயர் செருப்பை முபாரக்கிடம் கொடுத்தான்.
குதிகால் வெளியே தொங்க அவர் நடந்து போனார்.
இவன் நண்பகல் தாரில் வெறுங்காலோடு
படகுத்துறைப் பக்கம் இறங்கினான்.
அந்தப் பக்கம்தான் மாவும் விற்கிறார்கள்.

இரவெல்லாம் கெட்டிலைச் சுடவைத்தேன், ஆறவிட்டேன்.
விடியலில் அக்கரை போனேன்.
“முதல் படகுக்கே வந்தானே,” என்றாள் நர்ஸ்.
“குடித்தான், வாயைக் காட்டினான், போனான்.
காலில் என்ன கொப்புளம்?”

நோட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டேன்.
எனக்கு நேரே போட
அதில் கட்டம் இல்லை.

வாரம் முழுக்க அறைக்கு வரவில்லை.
வெள்ளிக்கிழமை பாங்குக்கு முன்
வாசலில் நின்றான், டோக்கன் கயிறு கையில்.
என் செருப்பை வாங்கிக்கொண்டு
தலைகீழ் நாலை நீட்டினான்.
முகம் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.
பழுப்புச் செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

வரிசையில் நின்றேன், குனிந்தேன்,
நெற்றியைப் பாயில் வைத்தேன்.
காது மட்டும் வாசலிலேயே இருந்தது.
ஏழு, எட்டு, ஒன்பது
என்று எண்ணிக்கொண்டிருந்தது
நான்.